தசராவிலிருந்து ஒரு வாரம்

நான் தொடர்ந்து மூன்று வருஷம் சர்க்கார் ரிஜிஸ்தரில் பொய் எழுதியவள். கை நடுங்க எழுதவில்லை. நல்ல மையில், நிதானமாக, கட்டம் கட்டமாக எழுதினேன். அந்தப் பொய்யைப் பாராட்டி இன்ஸ்பெக்டர் ஒருவர் பள்ளிக்கூடத்துப் பார்வைப் புத்தகத்தில் நான்கு வரி எழுதிவிட்டும் போனார். அதை ஏன் ஆரம்பித்தேன், எப்படி நிறுத்தினேன் என்று சொல்ல வேண்டுமானால் விடுமுறைக் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும்.

ஐம்பதுகளில் பெங்களூர் அடுகோடியில் ஒரு சர்க்கார் பிரைமரிப் பள்ளி. அதில் தமிழ்ப் பிரிவு நான்காம் வகுப்புக்கு நான் டீச்சர். ஆஸ்டின் டவுனிலிருந்து நடந்தே போய்விடுவேன். கன்னடப் பிரிவும் அதே கட்டடத்தில்தான் நடந்தது. நடுவில் ஒரு தட்டி மட்டும். அந்தப் பக்கம் வாய்ப்பாடு சொன்னால் இந்தப் பக்கம் என் பிள்ளைகளும் சேர்ந்து கன்னடத்தில் கத்துவார்கள். அந்தப் பக்கத்து டீச்சர் என் சிநேகிதி. மதியத்தில் அவளுடைய சித்ரான்னத்தில் பாதி எனக்கு, என் தக்காளித் தொக்கில் பாதி அவளுக்கு.

என் வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். அப்பா அம்மாக்கள் செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் பங்களாத் தோட்டங்களிலும் இருந்தவர்கள். சொந்த ஊர் திருப்பத்தூர், வாணியம்பாடி, கிருஷ்ணகிரிப் பக்கம். தீபாவளிக்கு அவர்கள் அசைய மாட்டார்கள். பொங்கல் என்றால் போகிக்கு முந்தின நாளே மூட்டை கட்டிவிடுவார்கள். மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல், அப்புறம் ஊர் ஊராக எருது விடும் விழா. கடைசி ஊர்க் காளை ஓடி முடிக்கும்வரை பெங்களூர் என்று ஒரு ஊர் இருப்பதே அவர்களுக்கு ஞாபகம் வராது. திரும்பி வர பத்து நாள், பன்னிரண்டு நாள் ஆகிவிடும்.

எங்கள் காலண்டரிலோ சங்கராந்திக்கு ஒரே ஒரு நாள் லீவு. தொடர்ந்து ஏழு வேலை நாள் வராத பிள்ளையின் பேரை ரிஜிஸ்தரிலிருந்து வெட்டிவிட வேண்டும் என்பது விதி. மறுபடி சேர்க்க வேண்டுமானால் பெற்றவர் நேரில் வந்து மனு எழுதிக் கொடுக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் நான் விதிப்புத்தகத்தையே வேதமாக வைத்திருந்தேன். பதினோரு பேரை வெட்டினேன். ஏழு பேர் பையன்கள். அவர்களுடைய அப்பன்மார் ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வந்து, என்னிடம் சத்தம் போட்டுச் சண்டை பிடித்து, திரும்பச் சேர்த்துவிட்டுப் போனார்கள். மீதி நாலு பேர் பெண்கள். அவர்களுக்காக ஒருவரும் வரவில்லை.

அந்த நாலு பேரில் ஒருத்தி கணக்கில் புலி. இரண்டு மாதம் கழித்து ஓசூர் ரோட்டோரம் எழும்பிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்தில் அவளைப் பார்த்தேன். தலையில் செங்கல் அடுக்கிக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு அன்று வந்த வெட்கம் கொஞ்சநஞ்சமல்ல. விதியை எழுதியவர் யாரோ எவரோ, பேரை வெட்டிய கை என்னுடையது.

அடுத்த பொங்கலிலிருந்து பொய் ஆரம்பித்தது. வந்தவர்களுக்குக் கறுப்பு மையில் சாய்கோடு, வராதவர்களுக்குச் சிவப்பு மையில் சுழி என்பது வழக்கம். நான் அந்த வாரம் முழுக்க முப்பத்தெட்டுப் பேருக்கும் கோடு போட்டேன். வகுப்பில் உட்கார்ந்திருந்தது நாலே பேர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நான் மறைத்தது முப்பத்து நாலு பூசணிக்காய். மூன்று வருஷமும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

பிறகு மாநிலங்களைப் பிரித்துச் சேர்த்தார்கள். இடத்துக்கு ஒரு காலண்டர் இருந்தது போய், எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே காலண்டர் என்று வரைவு ஒன்று வந்தது. தசராவுக்கு மூன்று வாரம், கிறிஸ்துமஸுக்குச் சில நாள், சங்கராந்திக்கு வழக்கம்போல ஒரு நாள். பள்ளிகள் தங்கள் கருத்தைக் கூட்டத்தில் சொல்லலாம். கீழே ஒரு குறிப்பு: இனிமேல் முன்னறிவிப்பில்லாமல் வந்து வகுப்பில் தலையை எண்ணிப் பார்ப்பார்கள். வருகிற தையில் என் கோடுகள் செல்லாது. செங்கல் சுமந்தாளே, அவளுடைய தங்கை அந்த வருஷம் என் வகுப்பில் இருந்தாள்.

அவள் அம்மாவைப் பள்ளி வாசலில் நிறுத்தி, இந்தப் பொங்கலுக்கு மட்டும் பெண்ணை யார் வீட்டிலாவது விட்டுவிட்டுப் போக முடியுமா என்று கேட்டேன்.

"இன்னா டீச்சரம்மா பேசறீங்க? பொங்கலும் அதுவுமா பொட்டப்புள்ளைய எவன் வீட்ல வுட்டுட்டுப் போறது?"

"பேரை வெட்டிடுவாங்கம்மா."

"பெரியவ பேரையும் நீங்கதான வெட்டனீங்க? இவளதும் வெட்டிடுங்க. இவ அப்பன் அதுக்குதான் காத்துங்கெடக்கறான். பேரு போச்சுன்னா சூளைக்கு இட்டுனு போயிடுவான்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை, இருப்பதைச் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. தசரா லீவிலிருந்து ஒரு வாரத்தை வெட்டி எடுத்துத் தைக்குக் கொடுங்கள் என்று கூட்டத்தில் கேட்பதென்று அன்றே முடிவு செய்தேன்.

முதல் எதிர்ப்பு பெஞ்சில் என் பக்கத்திலிருந்தே வந்தது. "தசராவை வெட்டறதா? மைசூர் ராஜ்யத்துல இருந்துண்டா இத சொல்ற?" என்றாள் சிநேகிதி. அவளுடைய பிள்ளைகள் ஆனேக்கல், சந்தாபுரா பக்கத்து உறவுகளிடம் போவது தசராவில்தான். பொம்மை வைப்பது, மைசூருக்குப் போய் ஊர்வலம் பார்ப்பது எல்லாம் அந்த மூன்று வாரத்துக்குள்தான். "உங்களுக்கு யானை பாக்க மூணு வாரமா?" என்று நான் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. என் வாய் அப்படி. பத்து நாள் சித்ரான்னம் வரவில்லை.

கூட்டம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் எங்கள் பள்ளியிலேயே நடந்தது. சுற்றுவட்டாரத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் பிள்ளைகளின் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் கன்னடக்காரர், வேலூரில் படித்தவர். தமிழ் நன்றாகவே பேசுவார். என் முறை வந்ததும் எழுந்து கேட்டேன்.

"நீங்க கிறிஸ்டியன்தானேம்மா?" என்றார். "கிறிஸ்மஸுக்கு லீவு இருக்கு. உங்களுக்குப் பொங்கல் எதுக்கு?"

"எனக்கு வேண்டாம் சார். என் பிள்ளைங்களுக்கு வேணும். அந்த வாரம் கிளாஸ் காலியா கிடக்கும்."

"காலியாவா?" அவர் முன்னால் எங்கள் பழைய ரிஜிஸ்தர்கள் இருந்தன. ஒன்றை எடுத்துப் புரட்டினார். "முப்பத்தெட்டுக்கு முப்பத்தெட்டு. இது போன வருஷம். அதுக்கு முந்தின வருஷமும் ஒருத்தர் பாக்கியில்லாம வந்திருக்காங்க. பண்டிகை வாரத்துல இப்படி ஹாஜரி நான் எங்கயும் பாத்ததில்லன்னு என் கையாலயே எழுதியிருக்கேனே. பள்ளிக்கூடம் இவ்வளவு நல்லா நடக்கற வாரத்துல லீவு எதுக்கும்மா?"

எல்லாரும் சிரித்தார்கள். தலைமையாசிரியர் மட்டும் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எல்லாம் தெரியும்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டது கையால். பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். என் வேலை இன்னும் நிரந்தரமாகியிருக்கவில்லை. அப்பா போனபின் வீட்டில் சம்பாதிக்கிறவள் நான் ஒருத்திதான். உட்காரத்தான் பார்த்தேன். ஆனால் அந்தச் சிரிப்பு என்னை உட்கார விடவில்லை.

"பொய் சார்" என்றேன்.

"எது?"

"உங்க கையில இருக்கற பக்கம் முழுக்க. நான் எழுதினது. வந்தது நாலு பேரு. அதுலயும் ஒருத்தி அம்மை போட்டு எழுந்தவ. பஸ்ல ஏத்த முடியாதுன்னு விட்டுட்டுப் போனாங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. ஏன் எழுதினீர்கள் என்று கேட்டார்.

"பையன் பேரை வெட்டினா அப்பன் சண்டைக்கு வர்றான் சார். பொண்ணு பேரை வெட்டினா ஒரு ஆள் வரல. நாலு பேரை அப்படி வெட்டியிருக்கேன். அஞ்சாவதா ஒருத்திய வெட்ட என்னால ஆகாது. மெமோ குடுக்கறதா இருந்தா குடுங்க."

அவர் பதில் சொல்வதற்குள் என் சிநேகிதி எழுந்தாள். தசராவுக்காகப் பேசப்போகிறாள், நான் தொலைந்தேன் என்று நினைத்தேன். அவள் கன்னடத்தில் சொன்னாள்: கார்த்திகையில் ராகி அறுப்பு வந்தால் தன் வகுப்பிலும் பாதிப் பேர் இருப்பதில்லை, தானும் கோடுதான் போட்டுக்கொண்டிருக்கிறாளாம். சொல்லிவிட்டு, என்னைப் பார்க்காமலே உட்கார்ந்துகொண்டாள். அப்புறம் பின் பெஞ்சிலிருந்து வயதான ஆசிரியர் ஒருவர் எழுந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். "அப்போ நான் இத்தனை வருஷமா கையெழுத்து போட்டது ரிஜிஸ்தர்ல இல்ல, கதைப் புஸ்தகத்துல" என்றார். அவரே சிரித்த பிறகுதான் மற்றவர்களுக்கு மூச்சு வந்தது.

"பொய்ய வெச்சுண்டு காலண்டர் போட முடியாது" என்றார் பிறகு. "இந்த வருஷம் பூரா உள்ளது உள்ளபடி எழுதுங்க. எந்த வாரம் எந்தப் பள்ளி காலியா கெடக்குதுன்னு நான் பாக்கணும். அதுவரைக்கும் யார் பேரையும் வெட்ட வேண்டாம். அதுக்கு உத்தரவு நான் வாங்கித் தரேன்." என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு மெமோ வரும்மா. அத என்னால தடுக்க முடியாது" என்றார்.

"வரட்டும் சார்" என்றேன்.

அடுத்த வாரமே மெமோ வந்தது. என் வேலை நிரந்தரமாவது ஒரு வருஷம் தள்ளிப்போயிற்று. "வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அவளிடம் வருத்தப்படுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேனே தவிர, உள்ளுக்குள் எனக்கு இறக்கை முளைத்த மாதிரி இருந்தது.

கூட்டத்துக்கு அடுத்த திங்கட்கிழமை மத்தியானம் சித்ரான்னம் வந்தது.

"ஒரு வாரமெல்லாம் தர மாட்டேன். மூணு நாள் வேணும்னா எடுத்துக்கோ" என்றாள்.

"நாலு."

"மூணு. அதுக்கு மேல கேட்டா இந்த டப்பாவ மூடிடுவேன்."

மூன்றுக்கே ஒத்துக்கொண்டேன். பின்னால் வந்த காலண்டரில் தைக்கு ஐந்து நாள் கொடுத்திருந்தார்கள். தசராவிலிருந்து மூன்று, கோடை லீவிலிருந்து இரண்டு. ராகிக்கும் இரண்டு நாள் கிடைத்தது. ஆனால் எனக்கு அந்த விவாதம் முடிந்தது அதற்கும் முன்னால், அந்தத் தையிலேயே.

பொங்கலுக்கு அவர்கள் புறப்படும் முன் அந்தத் தங்கைக்காரியின் அம்மாவிடம், பேர் போகாது, திரும்பியதும் அனுப்புங்கள் என்று சொன்னேன். "பாக்கலாம்" என்றாள். நான் நாலு பிள்ளைகளோடு உட்கார்ந்து சிவப்புச் சுழி போட ஆரம்பித்தேன். இரண்டாவது நாளே சிவப்பு மை தீர்ந்து, தலைமையாசிரியரிடம் வேறு புட்டி கேட்க வேண்டியிருந்தது. அவர் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த வாரத்திலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். கையில் மருதாணி, வாயில் கரும்பு, காளையின் பின்னால் ஓடி விழுந்து முழங்காலில் காயம். முப்பத்தேழு பேர் வந்துவிட்டார்கள். அவள் மட்டும் வரவில்லை. அவள் வீட்டார் ஊரிலிருந்து திரும்பிவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டுப் பையன் சொன்னான்.

புதன்கிழமை முதல் மணி அடித்த பிறகு வாசலில் நிழல் தட்டியது. இடுப்பில் தம்பியைத் தூக்கிக்கொண்டு நின்றாள். உள்ளே வரவில்லை.

"டீச்சர், எம்பேரு போயிருக்கும், பாத்துட்டு வந்துடுன்னு அப்பா அனுப்பனாரு. சூளையில வேலைக்கு சொல்லி வெச்சுக்கீறாரு."

அவளை மேஜைக்குக் கூப்பிட்டு, ரிஜிஸ்தரை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தேன். விரலை ஒவ்வொரு பேராக நகர்த்தி, வாய்க்குள் முணுமுணுத்துப் படித்தாள். தன் பேரில் விரல் நின்றது.

"இந்தச் செவப்பெல்லாம் இன்னா டீச்சர்?"

"நீ வராத நாள்."

எண்ணினாள். "ஒம்போது."

"ஆமா."

"ஒம்போது நாளும் வரலன்னு போட்டுட்டீங்களா?"

"போட்டுட்டேன்."

"அப்பவும் பேரு இருக்குதா?"

"இருக்கு."

தம்பியை இடுப்பில் ஏற்றிப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "அப்பா கிட்ட சொல்லிட்டு வரேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டு, தம்பி இடுப்பில் குலுங்க ஓடினாள். நான் கணக்கு நடத்தினேன் என்று பேர். கண் வாசலிலேயே இருந்தது. அப்பன் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டானோ என்று ஒரு பக்கம் பயம். மனுவும் வேண்டாம், சண்டையும் வேண்டாம், அனுப்பினால் மட்டும் போதும், அதைக்கூடவா செய்ய மாட்டான் என்று ஒரு பக்கம் கோபம்.

ஒரு மணி நேரம் கழித்து மூச்சிரைக்க வந்தாள். இடுப்பில் தம்பி இல்லை. பலகையை மடியில் வைத்துக்கொண்டு தன் இடத்தில் உட்கார்ந்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பிள்ளைகள் பார்த்துவிடக் கூடாதென்று ரிஜிஸ்தரின் மேல் குனிந்துகொண்டேன். ஒன்பது சிவப்புச் சுழிகளுக்கு அடுத்த கட்டம் காலியாக இருந்தது. பேனாவைக் கறுப்பு மையில் தோய்த்து, அதில் ஒரு கோடு போட்டேன். அவள் வந்திருந்தாள்.