சளி நின்ற பிறகு எடுத்த ரத்தம்

எனக்குக் காசநோய் என்று தெரிந்தபோது, அரியலூரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இருமல் விடாமல் படுத்தியதால் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சளியில் கிருமி இருந்தது. அன்றைக்கே மாத்திரை கொடுத்துவிட்டார்கள். ஆராய்ச்சி ஒன்றுக்காக ரத்தம் தர முடியுமா என்றும் கேட்டார்கள். கொடுத்துவிட்டு வந்தேன்.

வீடு வரதராஜன்பேட்டையில். கணவர் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். பாதி நாள் வெளியில்தான். அதே வீட்டில் அவருடைய அண்ணன் குடும்பமும் இருந்தது. அண்ணன் மனைவி எனக்கு ஓரகத்தி. அக்கா என்று கூப்பிடுவேனே தவிர, எங்களுக்குள் பெரிய ஒட்டுதல் கிடையாது. சமையல் தனித்தனி. பேச்சும் தேவைக்குத்தான்.

விஷயம் தெரிந்ததும் அக்கா தன் பிள்ளைகளுக்குப் பரிசோதனை செய்யவைத்தார். ஒன்றுமில்லை என்று தெரிந்த கையோடு அவர்களைத் தன் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நியாயம்தான், ஆனாலும் எனக்கு வலித்தது. மறுநாள் காலை என் கதவைத் தட்டினார்.

"நீ அடுப்ப மூட்டாத. இனிமே உனக்கும் சேத்துத்தான் உலை வைக்கிறேன்."

அப்படியே செய்தார். முட்டை அவித்துத் தருவார், முந்திரி வறுத்துத் தருவார். மாத்திரை குமட்டி நான் வாந்தி எடுத்தால் முதுகைத் தடவிவிடுவார். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதைக் கண்டு பதறியபோது, "மாத்திரையோட சாயம்னு நர்ஸம்மா சொல்லிச்சுல்ல, பயப்படாத" என்று அவர்தான் தேற்றினார்.

இரண்டு மாதம் கழித்து ஆஸ்பத்திரிக்கு அவரும் துணைக்கு வந்தார். டப்பாவைக் கொடுத்துச் சளி கேட்டார்கள். எவ்வளவு காறியும் எச்சில்தான் வந்தது. வறட்டு இருமல் மட்டும் போகவில்லை. முதல் எக்ஸ்ரேயில் நுரையீரலில் தெரிந்த நிழலும் அப்படியே இருந்தது. மருந்து கேட்கவில்லை என்று நானாகவே முடிவுகட்டி, பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன்.

அன்றும் ஆராய்ச்சிக்காக ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. "இது எதுக்குங்க?" என்று லேபில் இருந்த பெண்ணிடம் சலிப்போடு கேட்டேன்.

"உங்களமாதிரி சளி வராதவங்க இருக்காங்க, சின்னப் பிள்ளைங்க இருக்காங்க. ரத்தத்த வச்சே மருந்து வேலை செய்யுதான்னு சொல்ல முடியுமான்னு பாக்குறாங்க. இன்னும் உறுதியாகலங்க."

"எடுத்துக்கட்டும்டி, யாருக்காச்சும் ஆவும்" என்றார் அக்கா.

அதோடு, முதல் நாள் செய்திருந்த வழக்கமான ரத்தப் பரிசோதனை ஒன்றையும் மறுபடி செய்தார்கள். டாக்டர் முடிவைப் பார்த்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார்.

"உள்ள நோயோட சூடு எவ்வளவுன்னு காட்டுற அளவும்மா இது. மொதல்ல ரொம்ப அதிகமா இருந்துச்சு. இப்ப நல்லா எறங்கிருக்கு. இத மட்டும் வச்சு குணமாயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். ஆனா சரியான வழியிலதான் போறீங்க. நிழல் மறைய நாளாகும். மாத்திரைய விட்டுறாதீங்க."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் மீதி மாதங்களைக் கடந்தேன்.

கூட இருப்பவர்களுக்கான ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டு வந்த அக்காவும் அன்று கையை நீட்டினார். சில நாள் கழித்து முடிவு வாங்க இருவரும் போனோம். கிருமி அவர் உடம்புக்குள் இருக்கிறது, ஆனால் நோயாக மாறவில்லை. எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. வாரம் ஒருநாள் சாப்பிடத் தடுப்பு மாத்திரை கொடுத்தார்கள்.

வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் என்னால் தாங்க முடியவில்லை. "என்னாலதானக்கா?"

"யாருகிட்டேந்து வந்துச்சுன்னு ரத்தத்துல எழுதியா வச்சிருக்கு? இந்த பஸ்ல இருமாதவுக எத்தன பேரு? படுக்கையில வுழறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுபோச்சுல்ல, அத நெனச்சு சந்தோஷப்படு" என்று சொல்லி, ஜன்னலோர இடத்தை எனக்குக் கொடுத்தார்.

அவருக்கு ஞாயிற்றுக்கிழமை மாத்திரை, எனக்குத் தினமும். ஞாயிறு மதியம் மட்டும் இருவரும் சேர்ந்து விழுங்குவோம். அவர் முகத்தைச் சுளிப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். என்னால் இனி யாருக்கும் தொற்றாது என்று டாக்டர் சொன்னதும் பிள்ளைகளை அழைத்துவந்தார். வந்த வேகத்தில் சின்னது என் மடியில் ஏறிக்கொண்டது. அவர் தடுக்கவில்லை.

ஆறு மாத மருந்து முடிந்து, குணமாகி, வேலைக்குத் திரும்பினேன். அடுத்த வருஷம் ஆராய்ச்சிக்காக இன்னொரு முறை ரத்தம் தர முடியுமா என்று கேட்டார்கள். கடையில் லீவு சொல்லிவிட்டுப் போனேன். ரத்தம் எடுத்து முடித்ததும் லேபில் இருந்த பெண், "ரொம்ப நன்றிங்க" என்றார். நான் சொல்ல வேண்டியதை அவர் முந்திக்கொண்டு சொல்லிவிட்டார். பஞ்சை அழுத்திப் பிடித்தபடி நானும் அதையே அவருக்குத் திருப்பிச் சொன்னேன்.