மாத்திரையைக் கூறு போட்ட சர்தார் பாய்

“இதுல எது பெரிசு, சொல்லுபா பாக்கலாம்?”

தேக்கிலைகளின் மேல் வரிசையாகக் கறிக் குவியல்கள். ஒவ்வொன்றிலும் தொடைக்கறி, நெஞ்செலும்பு, ஒரு துண்டு ஈரல், நகமளவு கொழுப்பு. இலைகளுக்குப் பின்னால் குந்தியபடி, கத்தியைப் பனியனில் துடைத்துக்கொண்டே சர்தார் பாய் கேட்கிறார். இந்தக் கேள்விக்கு இதுவரை யாரும் பதில் சொன்னதில்லை. இதை எழுதுகிறவனும் ஒரு ஞாயிறன்று குனிந்து குனிந்து பார்த்துவிட்டு விழித்தவன்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அடி அண்ணாமலையிலிருந்து ஆட்கள் கூட்டாக ஓர் ஆட்டை ஓட்டிவருவார்கள். அறுத்து, உரித்து, எல்லாருக்கும் சமமாகக் கூறு போடுவது பாயின் வேலை. போட்ட பிறகும் திருப்தி வராது. இந்த இலையிலிருந்து ஒரு துண்டை எடுத்து அந்த இலையில் வைப்பார். அங்கிருந்து ஓர் எலும்பை இங்கே மாற்றுவார். பிறகு வந்தவர்களில் ஒருவரை முதுகு காட்டி நிற்கச் சொல்லி, ஓர் இலையைத் தொட்டு, “இது யாருக்கு?” என்பார். அந்த ஆள் வாயில் யார் பெயர் வருகிறதோ, அவருக்கு அந்தக் கூறு.

“பொண்ணு பாக்க வந்தவனாட்டம் இன்னா பாய் அப்பிடிப் பாக்கிற? அவங்க வூட்ல ஒலை கொதிச்சு அடங்கிடும்” என்பாள் பக்கத்தில் கொத்தமல்லி விற்கும் காசியம்மாள்.

“மல்லிக்கட்டுல மண்ணைச் சேத்து விக்கிறவ நீ. உனக்கு இன்னா தெரியும்?”

பாய்க்கு ஊரில் நெருங்கிய சிநேகிதர் ஒருவர்தான். தேரடித் தெருவில் தேங்காய், கற்பூரம் விற்கும் பரசுராமன். கறி தொடாதவர். பாயின் கறிக்கடைச் சந்துக்குள் வந்தால் எதிர்ச் சுவரோரம் துண்டால் மூக்கை மூடிக்கொண்டு நிற்பார். பாய் கையைக் கழுவிக்கொண்டு அங்கே போவார். ஒரே புகையிலைத் துண்டைப் பாதியாகக் கிள்ளி, ஆளுக்கொரு கன்னத்தில் அடக்கிக்கொள்வார்கள். மீசை அரும்பிய நாளிலிருந்து நடந்த பழக்கம் இது. இருவர் கன்னத்தின் உட்புறத்திலும் வெள்ளைத் திட்டு வந்ததில் ஆச்சரியம் இல்லை.

எண்பத்து மூன்றாம் வருஷம், பட்டணத்து ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து மாதம் ஒரு முறை வேன் வந்து அந்தச் சந்தின் முனையில் நிற்கும். வேதா என்ற டாக்டரம்மா புகையிலை போடுகிறவர்களின் வாயை டார்ச் அடித்துப் பார்ப்பார். இந்தத் திட்டு நாளைக்குப் புற்றுநோயாக மாறலாம், மாறாமலும் போகலாம் என்றார். தடுக்க ஒரு புது மாத்திரை வந்திருக்கிறது, ஆனால் அது தடுக்குமா என்று யாருக்கும் தெரியாது என்றார். அதைத் தெரிந்துகொள்ளத்தான் சிலருக்கு அந்த மாத்திரையும், சிலருக்குப் பார்வைக்கு அதேபோன்ற வெறும் மாவு மாத்திரையும் கொடுக்கிறோம் என்றார். யாருக்கு எது என்பது தனக்கும் தெரியாது, பட்டணத்து ஆபீசில்தான் தெரியும். இஷ்டமிருந்தால் சேரலாம் என்றார். புகையிலையை எப்படியும் விட்டுவிடச் சொன்னார்.

சர்தார் பாய் தலையை ஆட்டினார். பாதி புரியவில்லை. அவ்வளவு பொறுமையாகச் சொன்னவரை மறுபடி கேட்க வெட்கமாக இருந்தது. பாய் சரி என்றதால் பரசுராமனும் சரி என்றார். ஆளுக்கொரு புட்டி கிடைத்தது. அன்றோடு இருவரும் புகையிலையையும் விட்டார்கள்.

மழைக்காலம் முடிவதற்குள் பாயின் திட்டு சுருங்க ஆரம்பித்தது. பரசுராமனுக்கோ மிளகாய் பட்டாலே கண்ணில் தண்ணீர் வந்தது. தயிர்ச் சோற்றைக்கூட ஒரு பக்கமாக ஒதுக்கி மென்றார். அதைப் பார்த்துப் பார்த்துப் பாய்க்குத் தூக்கம் போயிற்று. மாவு யாருக்கு வந்திருக்கிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

பௌர்ணமியன்று ஊர் நிறையக் கிரிவலக் கூட்டம். கறி போணியாகாது, கடை சாத்தியிருக்கும். பாய் தேரடிக்குப் போய்ப் பரசுராமனைக் கையோடு கூட்டிவந்தார். கழுவிய பலகையில் வெள்ளைத் துணியை விரித்து, இரண்டு புட்டிகளையும் அதில் கவிழ்த்தார்.

“வியாபார நேரத்துல இழுத்தாந்து இன்னா பண்ற பாய்?”

“கூறு போடறேன். இன்னிலேர்ந்து உனக்குப் பாதி மருந்து, எனக்குப் பாதி. மாவையும் ஆளுக்குப் பாதி தின்னுவோம்.”

பரசுராமன் சந்து முனையை எட்டிப் பார்த்தார். “அப்போ வாயத் தொறக்காத. தெரிஞ்சா ரெண்டு புட்டியையும் புடுங்கினு போயிடுவாங்க.”

பாய் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அடுத்து வந்த புட்டிகளையும் அப்படியே கலந்தார்கள்.

பாயின் திட்டு மறுபடி தடித்தது. பரசுராமன் தனக்குத் தேவலை என்றே சொல்லிவந்தார். ஆனால் வேன் வந்த ஒரு நாள் டாக்டரம்மா அவர் கன்னத்துக்குள் அடித்த டார்ச்சை எடுக்கவே இல்லை. திட்டின் நடுவில் புண். புண்ணைச் சுற்றிக் கெட்டிப்பட்டிருந்தது.

“மாத்திரையை ஒழுங்காச் சாப்பிட்டீங்களா? அடுத்து என்ன செய்றதுன்னு இதை வச்சுத்தான் நான் முடிவு பண்ணணும்.”

“ஒரு வேளை விட்டதில்லம்மா” என்ற பரசுராமன், பாயை ஒரு பார்வை பார்த்தார்.

சொன்னால் சிநேகிதனுக்கு இருக்கிற மாத்திரையும் போய்விடும். சொல்லாவிட்டால் டாக்டரம்மா தப்பாக முடிவு செய்வார். பாய் ஓரடி முன்னால் வந்தார்.

“கலந்துட்டோம்மா. ரெண்டையும் நான்தான் கலந்தேன்.”

வசவு விழும் என்று நினைத்தார். டாக்டரம்மா வேன் படியில் உட்கார்ந்துவிட்டார். “ஏன் பாய்?”

“ஒருத்தனுக்குக் கறி, ஒருத்தனுக்கு எலும்பா? கூறு சமமா இருந்தாத்தாம்மா முதுகைக் காட்டிக்கினு பேர் சொல்லலாம்.”

“எது கறி, எது எலும்புன்னு தெரிஞ்சா நான் ஏன் பாய் இப்படிக் குடுக்கப் போறேன்? அந்த மருந்தே கெடுதல் பண்ணலாம். மாவு சாப்பிட்டவர் தப்பிச்சவரா இருக்கலாம்.”

“எனக்குச் சுருங்குச்சே?”

“சில பேருக்குத் தானாவே சுருங்கும். பொகையிலையை விட்டதாலயும் இருக்கலாம்.”

“தெரியாத ஒன்னை ஏம்மா எங்களுக்குக் குடுத்தீங்க?”

“சொல்லித்தானே குடுத்தேன்?”

“சொன்னீங்க. புரிஞ்ச மாதிரி நான் தலைய ஆட்டிட்டேன்.”

டாக்டரம்மா டார்ச்சைப் போடுவதும் அணைப்பதுமாக இருந்தார். “புரிஞ்சுதான்னு நான் இன்னொரு தடவை கேட்டிருக்கணும்” என்றார், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல.

இரண்டு புட்டிகளும் திரும்ப வேனுக்குப் போயின. பரசுராமனை அன்றே பட்டணத்துக்குக் கூட்டிப்போய்ச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டரம்மா.

“சொல்லாதன்னு சொன்னேனே பாய். இருந்ததையும் புடுங்க வச்சிட்டியே” என்று சொல்லிவிட்டுப் பரசுராமன் வேனில் ஏறினார்.

பட்டணத்தில் புற்றுநோய் என்று உறுதியானதும் அவர் கன்னத்தை அறுத்துப் புண்ணை எடுத்தார்கள். இப்போது தேங்காய்க் கடைக்கு வருகிறார். மறுபடி வராது என்று மட்டும் யாரும் உறுதி சொல்லவில்லை. யார் புட்டியில் என்ன இருந்தது என்பதையும் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மருந்து பரசுராமனுடையதில் இருந்தது. பாய் சாப்பிட்டது மாவு.

“அவனுக்கு வந்த மருந்துல பாதிய நான் புடுங்கித் தின்னேனா, இல்ல அவனுக்கு வந்த கெடுதல்ல பாதிய நான் வாங்கிக்கினேனா?” கறி வாங்க வருகிறவர்களை நிறுத்திவைத்து இதைத்தான் கேட்கிறார். “நாலு பேருகிட்ட சொல்லுபா. எவனுக்காவது வெளங்குதா பாப்போம்.” படிக்கிறவர்களும் தெரிந்தவர்களிடம் சொல்லிப் பாருங்கள். வாயைக் காட்ட வேனுக்குப் போகிறவர்களிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

பாய் கதையை எப்போதும் அந்தக் கேள்வியோடு நிறுத்திவிடுவார். பரசுராமன் வேனில் ஏறிய அன்றைய மீதியைச் சொன்னது காசியம்மாள்தான்.

கடைக்குத் திரும்பிக் கத்தியை எடுத்த பாய், வேன் உறுமியதும் அதைப் போட்டது போட்டபடி ஓடியிருக்கிறார். “கடையப் பாத்துக்கோ” என்று கத்திவிட்டு, ரத்தக்கறை பனியனோடு உள்ளே ஏறி, நிற்பதா உட்காருவதா என்று தெரியாமல் குனிந்து நின்றிருக்கிறார். பரசுராமன் திரும்பியும் பார்க்கவில்லை. பாய்க்கு இடம் விட்டு, சன்னல் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.