பூஜை வச்ச கோல்ஃப் ஸ்டிக்

புது ரப்பர் வாசனையும் அரைச்ச சந்தன வாசனையும் ஒண்ணா கலந்தா எப்படி இருக்கும்னு உங்கள்ல யாருக்காவது தெரியுமா? எனக்குத் தெரியும்... கரமனையில எங்காத்து பூஜை ரூம் அந்த நவராத்திரிக்கு அப்படித்தான் மணத்தது.

அப்போ எனக்கு முதல் வேலை. கோல்ஃப் ஸ்டிக் கம்பெனியில சேல்ஸ். திருவனந்தபுரத்துல எங்க பிராண்ட் பேரை ஒருத்தரும் கேட்டதில்ல. கோல்ஃப் பத்தி எனக்கும் ஒரு மண்ணும் தெரியாது!

சென்னை மேனேஜர் கறாரா சொல்லிட்டார். நவமி லீவு, கோல்ஃப் கிளப் மெம்பர்ஸ் எல்லாரும் மைதானத்துக்கு வருவா, டெமோ வை. ஒரு செட்டாவது போகலேன்னா வேலை கன்ஃபர்ம் ஆகாது.

டெமோ செட் நவமிக்கு முதல் நாளே, கைப்பிடியில புது ரப்பர் மணக்க ஆத்துக்கு வந்தது. நான் குளிச்சுட்டு வரதுக்குள்ள அம்மா அத்தனை ஸ்டிக்கையும் சரஸ்வதி முன்னாடி அடுக்கி, பிராண்ட் பேர் மேலயே சந்தனத்தை அப்பி... பூஜை வச்சாச்சு. இனி விஜயதசமி காலம்பறதான் எடுக்கலாம்.

கெஞ்சினேன், அழுதேன். அம்மா அசையல.

"உனக்கு சோறு போடறது இதுதானே? அப்போ இதாக்கும் உன் ஆயுதம். தொடப்படாது."

மேனேஜர் அங்க ரயில் ஏறியாச்சு. மைதானத்து செக்ரட்டரி நாயர் சாருக்கு ஃபோன் பண்ணினேன். அவர் மகளேன்னு பாதி மலையாளத்துல ஒரே சிரிப்பு.

"மோளே, நாளைக்கு ஆரு வரும்? எங்க எல்லார் ஸ்டிக்கும் பூஜையிலாக்கும்."

சென்னை பிளான் எப்படியும் ஊத்தியிருக்கும்!

தசமி காலம்பற சந்தனத்தோடயே மைதானத்துல கொண்டுபோய் வச்சேன். மேனேஜர் முகத்தைப் பாக்கணுமே... பிராண்ட் பேரே தெரியல, தொடைங்கன்னு கத்தினார். நாயர் சார் விடல. பூஜையிலேர்ந்து எடுத்த கையோட தொட்டா விசேஷம்னு ஆளாளுக்கு ஸ்டிக்கை எடுத்து வீசி அடிச்சுப் பாத்தா. வித்யாரம்பம்னு பேரப்பிள்ளைகளை அரிசியில எழுத வச்சுட்டு நேரா வந்த தாத்தாக்கள் வேற! செட் அங்கேயே போச்சு, மேல ஆர்டரும் வந்தது. பேர் வெளியில தெரியாமலே எங்க பிராண்ட் ஊர்ல பேர் வாங்கித்து.

அடுத்த வருஷத்துலேர்ந்து எல்லா ஊர்லயும் 'விஜயதசமி டெமோ'. ஐடியா மேனேஜரோடதாம். போறது போங்கோ, என் வேலை கன்ஃபர்ம் ஆச்சு.

இப்போ அதே கம்பெனியில நான்தான் மார்க்கெட்டிங் ஹெட். போன நவராத்திரிக்கு அம்மா என் லேப்டாப்பைப் பூஜையில வச்சா. நவமி மத்தியானம் டீம்லேர்ந்து ஃபோன்... மேடம், பூஜை விளம்பரம் ரெடி, உடனே அப்ரூவ் பண்ணணும்.

பூவை ஒதுக்கிட்டு லேப்டாப்பை எடுத்தேன். திரையில பெரிசா, 'இன்று ஒரு நாள் உங்கள் ஆயுதங்களுக்கு ஓய்வு கொடுங்கள்'.

அம்மா பாத்துண்டுதான் இருந்தா. நான் ஒதுக்கின பூவை எடுத்துக் கண்ணுல ஒத்திண்டா.

திட்டியிருந்தா நன்னா இருந்திருக்கும்...