சுண்ணாம்புக்கு அடியில் ஒருத்தி

எறையூரில் டயர் மாற்ற எங்கள் பஸ் நிற்கிறது. எதிரே கிடங்குச் சுவரில் கரும்பு வெட்டுகிறவள் ஒருத்தி, ஆளுயர ஓவியமாக நிற்கிறாள். தூக்கிய அரிவாள், யாரையும் மதிக்காத கண். அவளை வரைந்த முருகேசனும் கூட்டாளிகள் இருவரும் அவள்மேலேயே சுண்ணாம்பு அடிக்கிறார்கள். நாளை தலைவர் வருகிறாராம். அவர் முகத்தை இங்கே வரைய வேண்டுமாம். கரைவேட்டிக்காரர் ஒருவர் நின்று ஏவுகிறார். அழிக்கிற வேலைக்கு மட்டும் இந்த நாட்டில் மேற்பார்வைக்குப் பஞ்சமே இல்லை.

"நீங்களே அழிக்கிறீங்களே, மனசு வருதா?" என்று முருகேசனிடம் மெல்லக் கேட்கிறேன்.

"அழிக்கிறதா? அவ எனாமல் பெயிண்ட், சார். இது பசை போடாத சுண்ணாம்பு. ஒரு மழை அடிச்சா தலைவரு கரைஞ்சு ஓடிடுவாரு, அவ வந்துடுவா."

கூட்டாளி ஒருவனுக்குச் சிரிப்பு பீறிடுகிறது.

"சும்மா இர்றா, அண்ணன் வராரு," என்று அவனை அதட்டுகிறான் முருகேசன்.

கரைவேட்டிக்காரர் வந்து, காய்ந்த பக்கத்தைத் தடவிப் பார்க்கிறார். மூவரும் மூச்சை அடக்கிக்கொள்கிறார்கள். உள்ளங்கை முழுக்க வெள்ளை. அதைத் தன் வெள்ளை வேட்டியிலேயே துடைத்துக்கொள்கிறார்.

"பளிச்சுனு இருக்குடா! நாளைக்கு மழை மட்டும் வராம இருக்கணும்."

"ஆமாங்கண்ணே," என்கிறான் முருகேசன், வானத்தைப் பார்த்தபடி.