துரை வண்டியின் பின்சீட்டு

கார் ஏசி மெக்கானிக் தொழிலில் ஒரு விசேஷம்: வேலையைச் சரியாகச் செய்தால் ஒருத்தருக்கும் நம் ஞாபகமே வராது. குளிர் நின்ற அன்றைக்குத்தான் நம்மைத் தேடுவார்கள். ஷார்ஜா தொழில்பேட்டையில் தகரக் கூரைக்குக் கீழே நின்று ஊரார் வண்டியைக் குளிரவைத்துவிட்டு, தாங்கள் வேர்த்து வழிகிற சகாக்களே, இரண்டு வருஷத்துக்கு ஒரு லீவு என்று கல்யாண வாழ்க்கையைத் தவணையில் நடத்துகிறவர்களே, இது உங்களுக்காக எழுதியது. மற்றவர்களும் படிக்கலாம், ஆட்சேபணை இல்லை.

எங்கள் கராஜுக்கு எல்லா வண்டியும் வரும். ஆனால் என் ஆயுசில் பாதியைத் தின்றது ஒரே ஜாதி வண்டி. பிரிட்டிஷ் சொகுசு கார், தாழ்வாக நீளமாக இருக்கும். கம்பெனி பெயரைச் சொல்லமாட்டேன், எதற்கு வம்பு. எங்களுக்குள் அதன் பெயர் துரை. அபு காலித் என்ற எமிராத்திப் பெரியவர், துரையின் ஒவ்வொரு தலைமுறை வந்தபோதும் ஒன்று வாங்கினார். பழையதையும் விற்கவில்லை. அதனால் துரையின் வம்சம் முழுவதும் என் கைக்கு வந்து சேர்ந்தது.

மழையில் பிறந்தவர்

நான் வந்த புதிதில் பார்த்தது வம்சத்திலேயே மூத்த துரை. நான்கு வட்ட விளக்கு, உள்ளே பளபளவென்று மரப்பலகை. பின்பக்கம் இடதும் வலதுமாக இரண்டு பெட்ரோல் டாங்க், இரண்டு மூடி. ஒன்று தீர்ந்தால் சுவிட்சைத் தட்டி மற்றதற்கு மாற வேண்டும். பம்ப்காரர் ஒரு பக்கம் நிரப்பிவிட்டு, பிரகாரம் சுற்றுவதுபோல வண்டியைச் சுற்றி வந்து மறுபக்கம் நிரப்புவார்.

ஏசி என்று பெயருக்கு ஒன்று இருந்தது. ஜூலை மத்தியானத்தில் முழு வேகத்தில் வைத்தால் முன்சீட்டில் இருப்பவரின் மூக்கு நுனி மட்டும் குளிரும். பின்சீட்டுக்குக் காற்று போக வழியே வைக்கவில்லை. ஹீட்டர் மட்டும் பிரமாதம். ஒருமுறை தெரியாமல் அதைத் திருகிவிட்டு, கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடினேன். எங்கள் ஃபோர்மேன் அக்தர் பாய், சியால்கோட்காரர், சிரிக்காமல் இந்தியில் சொன்னார்: “பாய், இது லண்டன் மழையில பிறந்த காடி. சூடு கேட்டா கொடுக்கும். குளிர் கேட்டா, அப்படின்னா என்னன்னு நம்மளையே கேக்கும்.”

பின்சீட்டு முதலாளி

அபு காலித்தான் எப்போதும் வண்டி ஓட்டுவார். அவர் மனைவி உம் காலித் பின்சீட்டில் இருப்பார். அந்தக் காலத்து வழக்கம் அது. சூடு என்று புகார் வருவதும் பின்சீட்டிலிருந்துதான். ஆகவே துரைக்கு ஏசி வேலை முடிந்தால் எங்கள் கராஜில் ஒரு சட்டம் உண்டு. ஒருவர் வண்டியை ஓட்டி ஒரு சுற்று போக வேண்டும், இன்னொருவர் பின்சீட்டில் தெர்மாமீட்டரோடு உட்கார்ந்து டிகிரி எண்ணைச் சொல்லிக்கொண்டே வர வேண்டும்.

ஓட்டுவது நான். பின்சீட்டு, எலெக்ட்ரீஷியன் யோகன் அண்ணையுடையது. யாழ்ப்பாணத்துக்காரர். அந்தச் சீட்டில் ஏறியதும் சட்டைக் காலரைச் சரிசெய்து, கால்மேல் கால் போட்டுக்கொள்வார். ஒருநாள் சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் கண்ணாடி வழியே அவருக்கு மரியாதையாக ஸலாம் வைத்தார். நான் சிரித்ததும் அண்ணை சொன்னார்: “கையில கிறீஸ் இருந்தாலும் பின்னால இருக்கிறவன்தான் முதலாளி தம்பி. நீர் றோட்டைப் பாத்து ஓட்டும்.”

அரசியின் நிபந்தனை

முதல் லீவில் கல்யாணம். அவள் பெயர் தமிழரசி, எனக்கு அரசி. அறந்தாங்கியில் மாமனார் வீட்டு மாடியில் உட்கார்ந்து, அங்கே என்னதான் வேலை என்று அவள் கேட்டபோது துரையைப் பற்றிச் சொன்னேன். தோல் சீட்டைச் சொன்னேன், மரப்பலகையைச் சொன்னேன், ஏசி மட்டும் சுமார் என்பதை விட்டுவிட்டேன். புது மாப்பிள்ளை வாய் சும்மா இருக்குமா? ஒருநாள் உன்னை அந்தப் பின்சீட்டில் வைத்து ஷார்ஜா முழுக்கச் சுற்றிக்காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். என் விசாவில் எழுதியிருந்த வேலைக்குக் குடும்பத்தைக் கூட்டிவர முடியாது என்பது சொல்லும்போதே எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

அரசி கொஞ்சம் யோசித்துவிட்டு, முழு நம்பிக்கையோடு சொன்னாள்: “சரிங்க. ஆனா நீங்களும் பக்கத்துல உக்காரணும். வண்டிய வேற யாராச்சும் ஓட்டட்டும்.”

சதுர விளக்கு

அடுத்த தலைமுறை துரை வட்ட விளக்கைக் கைவிட்டுச் சதுரத்துக்கு மாறியவர். கம்ப்யூட்டர் படித்தவர். எங்கே என்ன கோளாறு என்று டாஷ்போர்டில் எழுதிக் காட்டுவார், கோளாறே இல்லாத நாளிலும். பின்விளக்கு எரியவில்லை என்று எழுதிக் காட்டினார். நாங்கள் இருவரும் பின்னால் போய்ப் பார்த்தால் ஜெகஜோதியாக எரிந்துகொண்டிருந்தது. மூன்று நாள் வயர் வயராகத் தேடிவிட்டு யோகன் அண்ணை தீர்ப்பு சொன்னார்: “இவருக்கு நோய் வருத்தம் ஒண்டுமில்லை தம்பி. ஆரும் பக்கத்தில வந்து பாக்கவேணும், அவ்வளவுதான்.”

லண்டனில் நடுக்கம்

அதற்கடுத்த துரை மறுபடியும் வட்ட விளக்குக்கே திரும்பிவிட்டார். அழகென்றால் அவர்தான். ஆனால் ஹீட்டருக்குப் போகும் வெந்நீரை அடைக்கிற வால்வு சரியாக மூடாது. அந்தச் சூடு உள்ளே கசிந்து ஏசிக் காற்றைக் கெடுக்கும். இதற்கு வளைகுடா மெக்கானிக்குகள் எல்லோரும் செய்கிற வைத்தியம் ஒன்று இருக்கிறது. வெந்நீர் போகிற ஹோஸையும் வருகிற ஹோஸையும் கழற்றி, ஒரு துண்டுக் குழாய் வைத்து எஞ்சின் பக்கமே இணைத்துவிடுவோம். ஹீட்டர் கலாஸ், அதோடு தீர்ந்தது. இங்கே எவன் ஹீட்டர் கேட்கப் போகிறான்? அபு காலித் வண்டிக்கும் அதைச் செய்தேன். பின்சீட்டுத் தெர்மாமீட்டர் நாலு டிகிரி இறங்கியது. ஆனால் செய்ததை அவரிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

அந்தக் கோடையில் அவர் வண்டியைக் கப்பலேற்றி லண்டனுக்குக் கொண்டுபோய்விட்டார். அங்கே மழை. பின்சீட்டில் உம் காலித் நடுங்கியிருக்கிறார். இவர் ஹீட்டரைத் திருகத் திருகப் பச்சைத் தண்ணீர் மாதிரி குளிர்ந்த காற்று வந்திருக்கிறது. துரையைத் துரை ஊரிலேயே நடுங்கவைத்த ஒரே அறந்தாங்கிக்காரன் நான்தான் என்று நினைக்கிறேன். திரும்பி வந்ததும் வேலை போய்விடும் என்று கை பிசைந்துகொண்டு நின்றேன். அபு காலித் என் தோளைத் தட்டி, அரபியில் சிநேகிதனைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டார்: “சதீக், லண்டன் மெக்கானிக் பானெட்டைத் திறந்து பாத்துட்டு, இதைச் செய்தவன் எந்த ஊருன்னு கேட்டான். எங்க வீட்டம்மா பின்னாலிருந்து சொன்னாள், எங்களுக்கு வேர்க்கக் கூடாதுன்னு நினைக்கிற ஊருன்னு.”

ஒட்டாத விளக்கு

பானெட்டுக்குள் வேலை செய்யும்போது காந்தம் வைத்த கைவிளக்கை மூடியின் உள்பக்கம் ஒட்டிக்கொள்வது எங்கள் பழக்கம். கை தானாகப் போகும். அடுத்து வந்த துரைக்கு உடம்பு முழுக்க அலுமினியம். பார்வைக்கு அப்பா, தாத்தா மாதிரியேதான் இருந்தார். நான் வழக்கம்போல விளக்கை ஒட்டினேன். அது என் மண்டையில் விழுந்தது. மறுநாளும் ஒட்டினேன், மறுநாளும் விழுந்தது. ஒரு வாரம் தலையில் வீக்கத்தோடு திரிந்தேன்.

அந்த வருஷ லீவில் ஊருக்குப் போனபோது மகளுக்கு மூன்று வயது. நான் கையை நீட்டினேன். அவள் அரசியின் புடவைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அரசி என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். லீவு முடியப் பத்து நாள் இருக்கையில்தான் மகள் பக்கத்தில் வந்தாள். வந்து பழகுவதற்குள் நான் கிளம்ப வேண்டியதாயிற்று. அந்தத் துக்கத்தை இன்றைக்கும் என்னால் சிரித்துக்கொண்டு சொல்ல முடியவில்லை. முதல் நாள் அவள் அம்மாவிடம் கேட்டது மட்டும் அப்படியே ஞாபகம் இருக்கிறது: “இது போன் அப்பாவாம்மா? போன்லேருந்து எப்படி வெளிய வந்தாங்க?”

யாரும் இல்லாத சூடு

கடைசித் தலைமுறை துரை வந்தபோது என் வேலை ஒழிந்தது என்றே நினைத்தேன். முள் காட்டும் மீட்டர்கள் போய் எல்லாம் திரையாகிவிட்டன. பின்சீட்டுக்குத் தனி ஏசி, தனி பட்டன். உம் காலித் காலமெல்லாம் கேட்டது அவருக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் அதில் நாலைந்து வருஷம்தான் அவர் போய்வந்தார். பிறகு காலமாகிவிட்டார்.

சில மாதம் கழித்து அபு காலித் கராஜுக்கு வந்தார். பின்னால் சூடாக இருக்கிறது என்றார். சோதித்தோம், குளிர் கச்சிதம். இரண்டு வாரத்தில் மறுபடி வந்தார், அதே புகார். மூன்றாம் முறை நானே பின்கதவைத் திறந்து பார்த்தேன். சாய்ந்துகொள்ள உம் காலித் வைத்திருந்த சின்னத் தலையணை அப்படியே இருந்தது. இப்போது பின்சீட்டில் யார் உட்காருகிறார்கள் என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் சாவியை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே சொன்னார்: “யாரும் இல்லை. முப்பது வருஷம் அவள் சூடுன்னு சொன்னாள், நான் திரும்பிப் பாக்காமலே இப்போ குளிர்ந்துடும்னு சொன்னேன். இப்பத்தான் எனக்குக் கேக்குது, சதீக்.”

வராத துரை

பிறகு கம்பெனிக்காரர்கள் துரையைச் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். அடுத்தவர் பெட்ரோல் இல்லாமல் பேட்டரியில் ஓடுவார் என்று சேதி வந்தது. அபு காலித் காத்திருந்தார். பார்க்கும்போதெல்லாம் எப்போது வரும் என்று என்னைக் கேட்பார், என்னவோ என்னைக் கேட்டுத்தான் லண்டனில் முடிவெடுப்பதுபோல. கடைசியில் அதுவும் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. அக்தர் பாய் மட்டும் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே ஆறுதல் சொன்னார்: “விடு பாய். கெட்டுப்போகவே போகாத துரை இவர் ஒருத்தர்தான்.”

நின்ற வண்டி

மகள் சென்னையில் வேலைக்குச் சேர்ந்ததும் செய்த முதல் காரியம், அவள் அம்மாவுக்கு ஒரு மாத விசிட் விசா எடுத்ததுதான். போன் அப்பா அவள் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கை அவளாகவே ஏற்றுக் காப்பாற்றியிருக்கிறாள். பக்கத்து ஊரான துபாயில், கராமா பகுதியில், தெரிந்த குடும்பம் ஒன்று லீவில் போயிருந்ததால் அவர்கள் அறை கிடைத்தது. எனக்கு டியூட்டி, அரசிக்கு ஜன்னல் என்று மூன்று வாரம் ஓடிவிட்டது. ஒரு சனிக்கிழமை அவளைக் கராஜுக்குக் கூட்டிவந்தேன். ஃபேனுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டுக் கொடுத்தார் அக்தர் பாய்.

அப்போது அபு காலித் வந்தார். அதே கடைசி துரை, அதே புகார். யோகன் அண்ணை லீவில் போயிருந்தார். பின்சீட்டில் உட்கார ஆள் இல்லை என்றேன். அவர் அரசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தானே போய்ப் பின்கதவைத் திறந்து, அந்தத் தலையணையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டு, அவளை உட்காரச் சொன்னார். வர மாட்டேன் என்று அவர் ஸ்டூலில் அமர்ந்துவிட்டார்.

நான் ஓட்டினேன். அரசி தெர்மாமீட்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருபத்தாறு, இருபத்திரண்டு, பதினெட்டு என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பதினெட்டோடு எண் நின்றது. கண்ணாடியில் பார்த்தேன். என் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். “என்னங்க, இம்புட்டுத் தூரம் வந்தும் நீங்க முன்னாடி, நான் பின்னாடியா?” என்றாள்.

டயர் கடை ஓரமாக வண்டியை நிறுத்தினேன். எஞ்சினை அணைக்கவில்லை. நிற்கிற வண்டியில் ஏசி பிடிக்கிறதா என்று பார்ப்பதும் சோதனையில் சேர்த்திதான். அதற்கு ஓட்டுகிறவர் தேவையில்லை. என் உடுப்பு கிரீஸாக இருந்ததால் பின்சீட்டில் பேப்பர் விரித்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். இத்தனை தலைமுறைத் துரையில் எதிலும் நான் பின்சீட்டில் உட்கார்ந்ததில்லை. வெளியே லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஷார்ஜாவைச் சுற்றிக்காட்டுவதாகச் சொன்னவன் ஒரு டயர் கடையைத்தான் காட்டினேன். அவள் அதையும் பார்க்கவில்லை. பத்து நிமிஷம் இருந்திருப்போம். தெர்மாமீட்டர் பன்னிரண்டுக்கு வந்தது. அரசி முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டாள். தொழில் புத்தி, என் கை தானாக பட்டனுக்குப் போனது. அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்: “குளிருதுங்க. ஆனா நிறுத்தாதீங்க.”

அடுத்த வாரம் அரசியை விமானம் ஏற்றிவிட்டு டியூட்டிக்குத் திரும்பியபோதுதான் உறைத்தது, துரையின் வம்சம் முழுவதற்கும் செய்த வேலைக்கு வாரண்டி எழுதிக் கொடுத்த என்னால் எழுதிக் கொடுக்க முடியாமல் போனது, அந்தப் பத்து நிமிஷம் மறுபடி கிடைக்கும் என்பதற்கு மட்டும்தான் என்று.