நூறு பாகையில் கொதிக்காத தண்ணீர்

இன்று காலை ஒரு பிழையைக் கண்டுபிடித்தேன். என்னுடையது!

போன வாரம் இங்கே ஒரு பரிசோதனை பற்றி எழுதியிருந்தேன்.

ரேடியோ திருத்தும் நண்பர் சின்னையா செய்து தந்த ஹீட்டரை பிளாஸ்கில் இறக்கி, ஒரு லீட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்தேன். மீட்டரில் காட்டிய மின்சக்தியைவிடத் தண்ணீரில் சேர்ந்த வெப்பசக்தி கூடுதலாக இருந்தது. நூறு போட்டால் நூற்றிரண்டு!

கணக்கை மூன்று முறை சரிபார்த்தேன். (நான்கு. ஒன்றை மனைவிக்குச் சொல்லவில்லை.)

அதை நம்பி, கண்டி டவுனில் தன் கடை வாசலில் சின்னையா ‘102%’ என்று எழுதி ஒட்டிவிட்டார். நாளை மறுநாள் பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு விரிவுரையாளர் பார்க்க வருகிறாராம்.

இன்று காலை மனைவி அடுப்படியில் சலித்துக்கொண்டாள்.

“கொழும்புல அக்கா வீட்ல பருப்பு வெரசா வெந்துருதுங்க. இந்த ஹந்தானை மேட்டுல நின்னு நின்னு என் காலுதான் வேகுது.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

உயரமான இடத்தில் தண்ணீர் நூறு பாகைக்கு முன்பே கொதிக்கும். படித்திருக்கிறேன்! ஆனால் அன்று, வெப்பமானி வெடித்துவிடுமோ என்று பயந்து கடைசி நேரத்தில் வெளியே எடுத்துவிட்டு, கொப்பியில் ‘100’ என்று எழுதியிருந்தேன்.

இன்று உள்ளேயே வைத்தேன். கொதித்தது. 97 பாகை.

அந்த மூன்று பாகையைக் குறைத்து மறுபடி கணக்குப் போட்டேன். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு.

பஸ் பிடித்துக் கடைக்குப் போனேன்.

“சின்னையா, தப்பு என்னோடது. நூத்திரெண்டு இல்ல, தொண்ணூத்தெட்டுதான்.”

“ஏண்ணே, போன வாரம் பொஸ்தகத்த விரிச்சு வச்சு நீங்கதானே அடிச்சுச் சொன்னீங்க?”

“ஆமா.”

“அந்த லெக்சரர் வந்து சிரிச்சிருந்தா என் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வைக்கிறது?”

“அதுக்குத்தான் இன்னைக்கே வந்தேன்.”

சின்னையா பேனையை எடுத்து 102ஐ வெட்டி, 98 என்று எழுதினார்.

“மிச்ச ரெண்டு எங்கண்ணே போச்சு?”

“மூடி வழியா ஆவியாப் போயிருக்கும்.”

“அப்ப என் ஹீட்டர்ல குத்தமில்லையே?”

“ஒரு குத்தமும் இல்ல.”

“அத லெக்சரர்கிட்ட நீங்களே சொல்லுங்க.”

“நானா?”

“பின்ன, நானா அளந்தேன்?”

நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லாதவன் நான். ஆனாலும் ஒப்புக்கொண்டுவிட்டேன்.

நண்பர்களே, என் பிழையைச் சொல்லித் தொடங்கட்டுமா, அவருடைய ஹீட்டரின் பெருமையைச் சொல்லித் தொடங்கட்டுமா?