பூஜை முடிந்தால் படுத்துக்கொள்ளும் சர்வர்

டோரீனுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கிறுக்கு உண்டு. ஏதாவது கெட்டுப்போனால் எல்லோரும் "ஏன் ஓடலை?" என்று கேட்பார்கள், அவள் மட்டும் "நேத்து எப்படி ஓடுச்சு?" என்று கேட்பாள். கோலார் தங்கவயலில் வீட்டு மிக்ஸி நின்றபோதும் இதைக் கேட்டு அம்மாவிடம் திட்டு வாங்கினாள். பொம்மசந்திராவில் ஒரு மருந்துக் கம்பெனியின் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்த பிறகும் அந்தக் குணம் போகவில்லை.

2002. ஆயுத பூஜை விடுமுறை முடிந்த காலை. வருடத்தில் அந்த ஒரு தடவைதான் அங்கே சர்வரை அணைத்து, குங்குமம் வைத்து, மாலை போடுவார்கள். மேனேஜர் அனந்தபத்மநாபன் நல்ல நேரம் பார்த்து ஸ்விட்சைப் போட்டார். மெஷின் வந்தது, டேட்டாபேஸ் வரவில்லை. ஷேர்டு மெமரி கிடைக்கவில்லை என்று திரையில் ஒரே புலம்பல். கேட் பாஸ் அச்சாகாததால் மருந்து லாரிகள் வாசலிலேயே நின்றன.

"போன வருஷமும் பூஜை முடிஞ்ச கையோட இப்படித்தான் படுத்துச்சு. அப்போ உனக்கு முன்னாடி இங்க இருந்த ஹரிஷ் புது ஓ.எஸ். போட்டிருந்தான், ஏதோ பண்ணி எழுப்பிட்டான். மத்தியானத்துக்குள்ள நீ எழுப்பலன்னா பழைய ஓ.எஸ்ஸையே போடச் சொல்லிடுவேன். அப்புறம் உன்னை வேலையில கன்ஃபர்ம் பண்றதும் கஷ்டம்மா" என்றார்.

ஆனாலும் டோரீனை அந்தப் பழைய கேள்வி விடவில்லை. டேட்டாபேஸின் வேலைகளெல்லாம் சேர்ந்து புழங்கும் பொது இடம்தான் ஷேர்டு மெமரி. அது எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று வரம்பு போடுவது, மெஷினையே இயக்குகிற ஓ.எஸ். போய்ப் பார்த்தால் குருவிக்கூடு அளவுக்குத்தான் அனுமதி இருந்தது. இத்தனூண்டு இடத்தில் விடுமுறைக்கு முன்பு எப்படி ஓடியது? யாரும் எதையும் தொடவில்லை, அணைத்துப் போட்டதோடு சரி. அப்படியானால் அணைத்ததும் காணாமல் போகிற ஏதோ ஒன்று அதற்குள் இருந்திருக்கிறது!

வேலை மாறிப் போயிருந்த ஹரிஷுக்கு போன் போட்டாள்.

"ஐயோ, அதுவா? புது ஓ.எஸ். வரம்பைக் குறைச்சிடுச்சு. ஓடிட்டிருக்கும்போதே ஏத்திவிட்டேன். ஸ்டார்ட் ஆகுறப்போ படிக்கிற ஃபைல்ல எழுதி ரீபூட் பண்ணிப் பாக்கலாம்னா, பூஜை போட்டு ஆன் பண்ணதை அன்னைக்கு அணைக்கவே கூடாதுன்னுட்டாரு சார். அப்புறம் எழுத மறந்தே போச்சு."

டோரீன் வரம்பை ஏற்றினாள். டேட்டாபேஸ் எழுந்தது, லாரிகள் கிளம்பின. ஃபைலிலும் எழுதிவைத்தாள். அத்தோடு வாயை மூடிக்கொண்டு சாப்பிடப் போயிருக்கலாம்.

"சார், ஸ்வல்ப இருங்க, ஒரு நிமிஷம். இதை ஒரு தடவை அணைச்சுப் போடணும்."

"அதான் ஓடுதில்ல, விடும்மா! பூஜை போட்ட மெஷினை யாராவது அணைப்பாங்களா?"

"ஹரிஷையும் இப்படித்தான் விடச் சொன்னீங்க சார். நான் எழுதினது சரியான்னு அணைச்சாதானே தெரியும்? இல்லன்னா அடுத்த பூஜைக்கும் இதே கூத்துதான்."

"மறுபடியும் வராம போனா?"

"என்னை கன்ஃபர்ம் பண்ணாதீங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. மெஷினை அணைத்தாள். விசிறிச் சத்தம் அடங்கி, அறை மயான அமைதியானது. மறுபடி போட்டாள். எழுத்துகள் மேலே ஓடின, நின்றன, மறுபடி ஓடின. டேட்டாபேஸ், யாரும் கைவைக்காமல், தானாக எழுந்து உட்கார்ந்தது.

அனந்தபத்மநாபன் மானிட்டரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"அடுத்த வருஷம் பூஜை முடிஞ்சு ஸ்விட்சை நீயே போடும்மா" என்றார்.